வீக்கத்துக்கு லத்தீனில் மூன்று வேர்

போன மாதம் குளிக்கும்போது இடது அக்குளுக்குக் கீழே கை நின்றது. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு குளிப்பது குளியலா என்ன, சோதனை போடுவது. சோப்பு ஒரு பக்கம் போகும், விரல் இன்னொரு பக்கம் துப்பறியும். என் விரல் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தது. பட்டாணி அளவு. நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, என் படத்துக்கு எந்தச் சுவர், எந்த போட்டோ என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். எழுந்து பார்த்தால் தலையில் ஊற்றிய தண்ணீர் காய்ந்திருந்தது.

மறுநாள் மனைவியோடு டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண். என்ன தொந்தரவு என்று கேட்டாள். வீக்கம் என்றேன். "எங்கே?" என்றாள்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அக்குள் என்பது கெட்ட வார்த்தை இல்லை. பக்கத்தில் வேறு ஆளும் இல்லை, மனைவிதான். ஆனாலும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் மனைவிதான் சொன்னாள். வெறும் கொழுப்புக் கட்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சந்தோஷமாக ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வரவேண்டிய ஆள், வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "ஒண்ணும் இல்லைன்னு சொன்னதுக்கு அழுவுற மனுஷனை நீ பாத்திருக்கியா?" என்று மனைவி போனில் தன் தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பயந்தாங்கொள்ளி என்பது அவர்கள் குடும்பம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். நானும் மறுப்பதில்லை. ஆனால் அன்றைக்கு அழுதது பயத்தில் இல்லை. அதே கேள்வியை, அதே ஒற்றைச் சொல்லில், இன்னொரு டாக்டர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது எனக்குப் பதினோரு வயது.

அப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் ஒரு வீட்டின் பின்பாதியில் குடியிருப்பு. அப்பா உப்பிலியபுரத்துக்காரர். மலையடிவாரத்தில் சோளமும் கடலையும் போட்ட குடும்பத்தில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. மேலிடத்துக்குப் போகிற கடிதங்களுக்கு டிராப்ட் போடுவது அவர் வேலை. கடிதத்தில் மூன்று வார்த்தையாவது மேலதிகாரிக்குப் புரியாமல் இருந்தால்தான் ஆபீசுக்கு மரியாதை என்பது அப்பாவின் கட்சி. அந்தக் காலத்து ஆபீஸ்களில் அது ஒரு வித்தையாகவே இருந்தது என்பது உங்களில் குமாஸ்தாவுக்குப் பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். லீவு லெட்டர் எழுதினால்கூட வயிற்றுவலி என்று எழுதமாட்டார்கள்.

அப்பாவின் ஆயுதம் ஒரு டிக்ஷனரி. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுவிட்டுப் போனது. இரண்டு கையால்தான் தூக்க முடியும். முன்னட்டை கிடையாது, முதல் எழுத்தின் பக்கங்களில் பாதியைக் கரையான் சாப்பிட்டிருந்தது. பக்கத்தைப் புரட்டினால் பழைய கோந்து வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வரும். கற்பூரம் பூச்சிக்காக அம்மா வைத்தது. சில சொற்களுக்கு முன்னால் ஊசி மாதிரி சின்னதாக ஒரு கத்தி போட்டிருக்கும். கத்தி போட்ட சொல் செத்துப்போன சொல், இப்போது எவனும் புழங்குவதில்லை என்று அப்பா சொல்வார். செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற மரியாதையோடு சொல்வார்.

இனி அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, இருபத்திரண்டு வயது. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் வளர்த்தார். என்னை "மருமவனே" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் நிரந்தரமாக ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது: புளியங்கொட்டையை வாயில் போட்டு யார் தூரமாகத் துப்புவது. கொல்லைக் கிணற்றடியில் நின்று அவள் துப்பினால் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் டங் என்று விழும். என்னுடையது என் சட்டையில் விழும். அப்பா ஆபீசுக்குப் போன பிறகு அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு, இல்லாத மூக்குக்கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அர்த்தமில்லாத இங்கிலீஷில் எனக்கு மெமோ கொடுப்பாள். அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க அண்ணன் வரட்டும்" என்பாள்.

அவளுக்கு மன்னார்புரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. இரும்புக்கடை வைத்திருந்தவர்கள். ஆடி போகட்டும், தையில் முகூர்த்தம் என்று வாய்வார்த்தை ஆகியிருந்தது.

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. காவிரி படிக்கட்டெல்லாம் ஏறி, சேற்று நிறத்தில் பொங்கிக்கொண்டு போனது. பெண்கள் படித்துறையில் அம்மா அத்தைக்கு மஞ்சள் தேய்த்துவிட்டிருக்கிறாள். ஈரத்துணியோடு திரும்பி வரும்போது அம்மா காதோலை கருகமணியைக்கூட ஆற்றில் விட மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலம் அப்பாவை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் சித்திரான்னத்தில் முந்திரிப்பருப்பு தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பாப்பாவுக்கு இடது மார்ல ஒரு கட்டி இருக்குங்க. கொட்டைப்பாக்கு அளவு. அமுக்குனா வலிக்கலேங்கறா."

அப்பா வெளியே வந்து நேராக டிக்ஷனரியைத் திறந்தார். இப்போது இதை எழுதும்போது எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது. வீடு தீப்பிடித்தால்கூட அந்த மனுஷன் முதலில் தீ என்பதற்கு நல்ல வார்த்தை பார்த்திருப்பார்.

அவர் மடையரும் இல்லை, கல்நெஞ்சரும் இல்லை. அவருடைய கணக்கு இதுதான். திருச்சியில் புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் அக்கா குடியிருப்பது அந்த ஆஸ்பத்திரித் தெருவிலேயே. மார்பில் கட்டி என்று மன்னார்புரத்துக்குத் தெரிந்தால் கல்யாணம் நிற்கும், அத்தையை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார், வயதானவர், கைராசிக்காரர். அவரிடம் ஒரு குறை, அவருடைய கம்பவுண்டர். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பெண்களா போவார்கள்? ஆண்பிள்ளை ஒருவன் சீட்டும் காலி பாட்டிலும் எடுத்துப் போய், வியாதியைச் சொல்லி, மருந்து வாங்கி வருவான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அந்தச் சீட்டு டாக்டர் கைக்குப் போகும் முன்னால் கம்பவுண்டர் கையில் போகும். அவர் உரக்கப் படிப்பார். சாயங்காலத்துக்குள் யார் வீட்டில் பேதி, யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்று நான்கு வீதிக்கும் தெரியும். அப்பா நேரில் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் தங்கையின் மார்பைப் பற்றி அத்தனை பேர் நடுவில் அண்ணன் வாயால் எப்படிச் சொல்வது?

அதனால் கம்பவுண்டருக்குப் புரியாத, டாக்டருக்கு மட்டும் புரிகிற ஒரு கடிதம் எழுத முடிவு செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினார். வீங்குவதற்கு லத்தீனில் மூன்று வேர் இருக்கிறது என்றார். ஒன்று உள்ளிருந்து பருப்பது, ஒன்று நீர் கோத்துப் புடைப்பது, ஒன்று கிழங்கு மாதிரி வெளியே தள்ளுவது. அம்மா அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்வெல்லிங் என்ற சொல் வேண்டாம், கம்பவுண்டருக்குத் தெரியும். டியூமர் என்ற சொல்லை எழுதி, கொஞ்ச நேரம் பார்த்து, அடித்துவிட்டார். கம்பவுண்டர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன், அதையும் தெரிந்து வைத்திருப்பான். பிறகு கத்தி போட்ட சொற்களாகப் பொறுக்கினார். இன்டியூமெசன்ஸ். எக்ஸ்டியூபரன்ஸ். டர்ஜென்சி. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அத்தை அறைக்குள்ளிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரொலி கொடுத்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்டியூபரன்ஸ் வந்தபோது, "அண்ணே, அது நல்லாயிருக்கு, அதையே போடுங்க" என்றாள். தன் கட்டிக்குத் தானே பெயர் வைத்தாள். நானும் சிரித்தேன்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. என் பாதுகாப்பில் உள்ள பெண்மணி ஒருவரின் தேகத்தில் இன்னவாறான புடைப்பு தோன்றியுள்ளது என்று ஆரம்பித்து, அதன் பருமன், கடினம், வலியின்மை எல்லாவற்றுக்கும் செத்த சொற்களாகக் கோத்து, நம் கோயில் பல்லக்கு மாதிரி ஜோடித்திருந்தார். எங்கே என்பதை மட்டும் எழுதவில்லை. அதற்கும் ஒரு லத்தீன் சொல் பார்த்து, வெட்கப்பட்டு அடித்துவிட்டார். கடைசி வரியில், அதன் இருப்பிடத்தைத் தாங்கள் ஆக்ஞாபித்தால் நானே நேரில் வந்து தனியாகத் தெரிவிப்பேன் என்று எழுதினார். அந்த வரியைத்தான் அவர் மிகவும் ரசித்தார். அதற்காகவே ஒருமுறை எனக்குத் தமிழில் சொல்லியும் காட்டினார்.

மறுநாள் ஆபீஸ் நேரமானதால் கடிதத்தையும் பாட்டிலையும் என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். டாக்டர் கூப்பிட்டால் லீவு போட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

டிஸ்பென்சரியில் பெஞ்சு நிறைய ஆள். கம்பவுண்டர் சீட்டை வாங்கிப் பிரித்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரால் ஒரு சீட்டைப் படிக்க முடியவில்லை. அப்பாவின் மூளையை நினைத்து எனக்கு மார் விம்மியது. சீட்டு டாக்டரிடம் போனது. டாக்டர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். கம்பவுண்டர் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு, இவருக்காவது புரிகிறதா என்று காத்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் டாக்டர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கம்பவுண்டர் எதிரில், பெஞ்சு முழுக்க ஜனங்கள் எதிரில், புரியவில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. "ஐ ஸீ" என்றார். முதல் பக்கத்தோடு கடிதத்தை மடித்தார். அடுத்த அரைப்பக்கத்தை அவர் திருப்பவே இல்லை. வீக்கம் என்பது மட்டும் அவருக்கு எப்படியோ பிடிபட்டிருந்தது.

"வீக்கம்தானே? எங்கேடா?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கம்பவுண்டர் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார். அப்பா வந்து சொல்வார் சார் என்று சொல்லியிருக்கலாம். அந்த வரிதான் கடிதத்திலேயே இருக்கிறது, எனக்கும் தெரியும். நாலே வார்த்தை.  தலையைக் குனிந்தேன். குனிந்த கண்ணுக்கு முதலில் பட்டது, பட்டம் விடும்போது விழுந்து தோலுரிந்திருந்த என் முழங்கால்.

"முட்டில சார்."

"அதான் பாத்தேன்" என்றார் டாக்டர். யாருக்கு என்று கேட்டு, அத்தைக்கு என்று தெரிந்ததும் கம்பவுண்டருக்கும் நிம்மதி. அவருக்கும் ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

பாட்டிலில் வெள்ளையாக ஒரு தைலம் ஊற்றிக் கொடுத்தார்கள். காலை மாலை இரண்டு வேளை அழுத்தித் தேய்த்து, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். கற்பூரத் தைல நெடி மூக்கைத் துளைத்தது. அப்பா சாயங்காலம் வந்ததும் டாக்டர் கூப்பிட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். கூப்பிடவே இல்லையா என்று மறுபடி கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இருப்பிடத்தைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார் பார், அவர் பழைய காலத்துப் படிப்பு என்று அம்மாவிடம் சொன்னார். தன் இங்கிலீஷ் ஓர் ஆளைப் போய்ச் சேர்ந்த சந்தோஷம் அன்று அவர் முகத்தில் இருந்தது. அப்பாவை அப்படி நான் பிறகு பார்க்கவே இல்லை.

அத்தை தேய்த்தாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அறைக்கதவு சாத்தியிருக்கும், அந்த நெடி மட்டும் கதவிடுக்கு வழியாக வரும். எரியுது அண்ணி என்பாள். எரிந்தால்தான் கரையும் என்பாள் அம்மா. நான் கொல்லையில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

சொல்லிவிட வேண்டும் என்று முயற்சி செய்யாமல் இல்லை. மறுவாரமே பாட்டிலோடு போனேன். வாசலிலேயே கம்பவுண்டர், "என்ன தம்பி, அத்தை முட்டி எப்படி இருக்கு?" என்றார். பரவாயில்லை சார் என்றது யாருடைய வாய் என்று தெரியவில்லை. பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டார். டாக்டரைப் பார்க்கத் தேவையில்லை, அதே மருந்துதானே. அதன்பிறகு மாதக்கணக்கில் அதே மருந்துதான்.

நானே ஒரு கடிதம் எழுதலாம் என்று அப்பா இல்லாத நேரம் டிக்ஷனரியை இறக்கினேன். முட்டி இல்லை என்பதுவரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்துவிட்டார். பிள்ளை தானாக டிக்ஷனரி பார்க்கிறான் என்பதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அல்வா வாங்கித் தந்தார். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அல்வாவும் தொண்டையில் இறங்கிவிட்டது. மானங்கெட்ட தொண்டை.

இதற்கு நடுவில் என் சொந்த விவகாரம் ஒன்று. பொய் சொன்ன தண்டனையாக என் முட்டி வீங்கப் போகிறது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் பூக்கட்டுகிற நாரால் முட்டியை அளந்து முடிச்சுப் போட்டு வைத்தேன். ஐப்பசி மழையில் நார் ஊறி, முடிச்சு இடம் மாறி, முட்டி அரை விரல் பெருத்துவிட்டதாகக் காட்டியது. மூன்று நாள் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அறைக்குள் ஒருத்திக்கு உண்மையிலேயே வீங்கிக்கொண்டிருந்தது. கொட்டைப்பாக்கு எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. நான் என் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மன்னார்புரத்திலிருந்து திடீரென்று மாப்பிள்ளையின் அம்மாவும் புத்தூர் அக்காவும் வந்தார்கள். சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்றார்கள். வெற்றிலைப் பாக்கு ஆனதும் அந்த அம்மா, "கிணத்துலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மா" என்றாள். அத்தை கொண்டுவந்தாள். அந்த ஜன்னலைச் சாத்து என்றாள். சாத்தினாள். இந்தப் பாயை விரி, மடி, மறுபடி விரி என்றாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது, இவர்களுக்கு ஏதோ கால் விஷயத்தில் சந்தேகம் என்று. ஏன் என்றுதான் புரியவில்லை. அதற்காக விடுகிறவளா. கொல்லைக்குப் போவதும் வருவதும் ஓட்டமாகவே நடந்தது, நிலைப்படியைத் தாண்டியே குதித்தாள். கடைசியில் புத்தூர் அக்கா அவளை அடுக்களைக்குள் அழைத்துப் போய், புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, இரண்டு முட்டியையும் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்து அம்மாவிடம், "ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு பேச்சு வந்துச்சு. இப்ப மனசு நிறைஞ்சு போச்சு" என்றாள். தை முகூர்த்தம் அங்கேயே உறுதியானது.

அவர்கள் போனதும், முட்டி என்று எவன் கிளப்பினான் என்று அம்மா கேட்டாள். எவனாவது வயிற்றெரிச்சல் பிடித்தவனாக இருப்பான் என்றார் அப்பா. தன் கடிதத்தின்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, செத்த சொற்கள் எப்படி வாய் திறக்கும்? நான் கொல்லையில் அவர்கள் மீதம் வைத்த பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கல்யாணம் நின்றிருக்கும், நான்தான் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். அதோடு சொல்கிற எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

மார்கழியில் அத்தையால் இடது கையைத் தூக்க முடியவில்லை. தலை பின்ன அம்மாவைக் கூப்பிட்டாள். கை தோளிலிருந்து விரல்வரை உப்பியிருந்தது, வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். தைலத்தில் வெந்த தோல் ஓரிடத்தில் திறந்துகொண்டது. அப்பா புதிதாக ஒரு கடிதத்துக்கு டிக்ஷனரியைத் திறந்தார்.

ஏகாதசிக் கூட்டம் ஓய்ந்த ஒரு காலை, அப்பா ஆபீசுக்குப் போனதும், அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அத்தை என்னை அழைத்தாள்.

"மருமவனே, புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்னு தெரியுமாடா?"

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாற வேண்டும் என்றேன். போனோம். கையைப் புடவைத் தலைப்பால் தொட்டில் கட்டிக்கொண்டு, தைல பாட்டிலை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான் நடந்தோம். அத்தை தலையைக் குனியவில்லை.

பெரிய கூட்டம். முறை வந்ததும் உள்ளே போனோம். லேடி டாக்டர் நிமிர்ந்து பார்த்து என்ன என்று கேட்டார்.

"இடது மார்ல கட்டிங்க. ஆடியிலேர்ந்து இருக்கு."

அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. எங்கள் வீடு ஐந்து மாதமாகச் சொல்ல முடியாமல் கிடந்த விஷயம்.

என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது லேடி டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். இது மூட்டு வலிக்குத் தேய்க்கிறதாச்சே, இதையா இங்கே போட்டீங்க, யார் கொடுத்தது என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்திருந்தது, ஒரு கறுப்புக் கல்லில் மூலை உடைந்திருந்தது. இன்றைக்கும் என்னால் அதை வரைந்து காட்ட முடியும்.

"தப்பா வாங்கியாந்துட்டோம்ங்க" என்றாள் அத்தை.

ஆடியிலேயே வந்திருந்தா, என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்காமல் சீட்டு எழுதத் தொடங்கினார். வீட்டுப் பெரியவர்களோடு நாளைக்கே வந்து படுக்க வேண்டும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் கேட்டாள்.

"முட்டின்னா சொன்னே?"

தலையாட்டினேன்.  பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அதான் அன்னிக்கு என்னை அந்த ஓட்டம் ஓட விட்டாளுங்களா."

சிரித்தாள். நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. பாலத்தின் பாதிவரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போனோம். அப்புறம் அவள் நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் நிறுத்த வரவில்லை.

"அண்ணங்கிட்ட சொல்லாதே" என்றாள். "அது வேற ஒடைஞ்சு போவும். ஒரு வீட்டுல ஒரு ஆள் போதும்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்தார்கள். அதற்குள் அது வேறெங்கோ போயிருந்தது. முட்டிக்காக அத்தனை ஓட்டம் ஓட விட்டவர்கள் இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வரவே இல்லை. பங்குனியில், கோயிலில் பெருமாள் தாயார் சேர்த்தி நடந்த வாரத்தில், அத்தை போனாள். கடைசிப் பத்து நாள் யாரையும் தெரியவில்லை. எனக்குக் கொடுக்க அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அப்படி ஏதாவது இருந்ததாக எழுதினால் இந்தக் குறிப்பு கொஞ்சம் பார்வையாக இருக்கும். இல்லை.

அப்பா பிறகு ஆபீசில் ஸ்வெல்லிங் மாதிரி சாதாரண இங்கிலீஷ்தான் எழுதினார். டிராப்ட் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் மட்டும் சாப்பிடும்போது நடுவில் கை நின்றுவிடும். எக்ஸ்டியூபரன்ஸ் என்பது மெதுவான வீக்கத்துக்கு உள்ள சொல், டாக்டர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பார், வேறு சொல் போட்டிருக்க வேண்டும் என்பார். டியூமர் என்றே போட்டிருக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். அம்மா சோறு ஆறுது என்பாள். வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இந்தப் பேச்சு வரும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த தன் கையை அவர் பார்த்துக்கொள்வார். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். ஊரெல்லாம் என்னைச் சிரிப்புக்காரன் என்று சொல்லும், அந்த நேரத்துக்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இருக்காது.

அத்தையின் வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு சௌகரியமான வாக்கு என்று உங்களுக்குத் தெரிகிறது இல்லையா?

அப்பா படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில், ஒரு மத்தியானம் நான் அவருக்கு மோர் ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினார். என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை, பல வருஷமாகத் தேடியதை இன்னும் ஒருமுறை தேடிப் பார்க்கிற பார்வை.

"அன்னைக்கு லெட்டர் குடுத்தப்ப டாக்டர் உன்கிட்ட ஏதாவது கேட்டாராப்பா?"

"ஒண்ணும் கேக்கலைப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு வயது பதினொன்று இல்லை. முப்பத்தெட்டு.